ஜெனீவாவா, லோசானா?

கூட வேலை பார்க்கும் குஜராத்திக்காரர் ஒருவர் இரண்டு வாரமாக என்னை விடுவதாக இல்லை. இருபத்தைந்து வருட சர்வீஸில் முதல் வெளிநாட்டுப் பயணம். எழுபது தாண்டிய அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறார். டூர் ஏஜென்ட் கொடுத்த பட்டியலில் "ஏரிக்கரை நகரம், மூன்று இரவு, ஜெனீவா அல்லது லோசான்" என்று இருக்கிறது. "ஒரே ஏரி, ஒரே பாஷை, ட்ரெயினில் முக்கால் மணி நேரம். இதில் என்ன பாய் வித்தியாசம்?" என்பது அவர் கேள்வி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஏரி. நாம் ஜெனீவா ஏரி என்கிறோம். அந்த ஊர்ப் பெயர் லேமான். லோசான்காரரிடம் போய் ஜெனீவா ஏரி என்று சொன்னால் முகம் கொஞ்சம் மாறும் :-) பிறை வடிவத்தில் சுமார் 580 சதுர கிலோமீட்டர். தென்கரையின் பெரும்பகுதி பிரான்ஸ், வடகரை சுவிஸ். ரோன் நதி கிழக்கு முனையில் உள்ளே வந்து, மேற்கு முனையில் ஜெனீவாவின் நடுவே வெளியே போகிறது. ஜெனீவாவிலிருந்து வடகரையோடு 60 கிலோமீட்டர் போனால் லோசான்.

500 வருடம் முன்னால் இந்த இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டையும் கத்தோலிக்க பிஷப்புகளே ஆண்டார்கள். இரண்டையும் சுற்றி சவாய் பிரபுவின் நிலம், இரண்டின் மேலும் அவருக்கு ஒரு கண். சொல்லப்போனால் லோசானுக்குத்தான் மவுசு அதிகம். அதன் கதீட்ரலை 1275-ல் போப் பத்தாம் கிரிகோரியே வந்து அர்ச்சித்தார், ஹாப்ஸ்பர்க் ருடால்ஃப் பக்கத்தில் நிற்க. சவாய்க்குப் பயந்து இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே இடத்தில் உதவி தேடினார்கள். பெர்ன், ஃப்ரிபோர்க் நகரங்களோடு லோசான் 1525-லும் ஜெனீவா 1526-லும் கூட்டு ஒப்பந்தம் போட்டன.

பிறகு வந்தது 1536.

ஜெனீவாவைக் காப்பாற்றப் போகிறோம் என்று அந்த ஜனவரியில் பெர்ன் படை கிளம்பியது. போகிற வழியில் சவாயிடமிருந்து வோ பிரதேசத்தின் பெரும்பகுதியைப் பிடித்தது. ஜெனீவாவை அடைந்ததும், பிஷப்புக்கும் சவாய்க்கும் அந்த ஊரில் இருந்த உரிமைகளை எங்களிடம் கொடுங்கள் என்று பெர்ன் கேட்டது. அதாவது எஜமான் மாறுவார், வேலைக்காரன் அப்படியே இருப்பான். ஜெனீவா முடியாது என்றது. அதே வருடம் ஆகஸ்டில், சில நிபந்தனைகளோடு, பெர்ன் அந்த ஊரின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டது.

லோசானுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மார்ச் கடைசியில் பெர்ன் படை உள்ளே நுழைந்தது. கூட்டாளி முதலாளி ஆகிவிட்டார். அக்டோபரில் கதீட்ரலுக்குள் ஒரு மத விவாதம் நடத்தினார்கள். அதன் பிறகு ஊர் புராட்டஸ்டண்ட் ஆனது, பலிபீடங்களும் சிலைகளும் போயின. கதீட்ரலின் பொக்கிஷம் பெர்னுக்கு வண்டி ஏறியது. அந்தத் திரைச்சீலைகளை இன்றும் பெர்ன் வரலாற்று மியூசியத்தில் பார்க்கலாம். லோசான் கதீட்ரலுக்குள் போனால் ஏன் இவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று தோன்றும். காரணம் இதுதான்.

அந்தக் கோடையில் இருபத்தேழு வயதுப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஒரு ராத்திரி தங்கிப் போகலாம் என்று ஜெனீவா வந்தார். உள்ளூர் மதத் தலைவர் ஃபரேல் அவரைப் பிடித்து நிறுத்திவிட்டார். அவர்தான் கால்வின். 1538-ல் ஊரைவிட்டுத் துரத்தினார்கள், 1541-ல் திரும்பக் கூப்பிட்டார்கள். அப்புறம் சாகும்வரை அவர் வைத்ததுதான் சட்டம்.

சுயமாக இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்பது 1559-ல் தெரிந்தது. அதுவரை லோசானில்தான் உயர்கல்வி அகாடமி இருந்தது, 1537-ல் ஆரம்பித்தது. லோசானின் மதத் தலைவர் வீரே, தவறு செய்தவர்களைத் திருச்சபையை விட்டு விலக்கும் அதிகாரம் எங்களுக்கு வேண்டும் என்று கேட்டார். பெர்ன் மறுத்து அவரை வேலையை விட்டே அனுப்பியது. அவரோடு சேர்ந்து பேராசிரியர்களும் ராஜினாமா செய்தார்கள். எங்கே போனார்கள்? அறுபது கிலோமீட்டர் தள்ளி, ஜெனீவாவுக்கு. அங்கே கால்வின் அதே 1559-ல் புது அகாடமி திறந்தார். அதன் முதல் ரெக்டர் தெயோடோர் த பேஸ், முந்தைய வருடம்வரை லோசானில் கிரேக்கம் நடத்தியவர். இன்று ஜெனீவா பாஸ்தியோன் பூங்காவில் சீர்திருத்தச் சுவர் முன்னால் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்களே, அந்த நான்கு பெரிய சிலைகளில் அவரும் ஒருவர்.

பிரான்சிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் மதக் கொடுமைக்குத் தப்பி வந்தவர்கள் ஜெனீவாவுக்குக் குவிந்தார்கள். அச்சுக்காரர்கள், பட்டு வியாபாரிகள், கடிகாரக்காரர்கள், பணம் புரட்டத் தெரிந்தவர்கள். 1602 டிசம்பரில் சவாய் பிரபு இருட்டில் ஏணி வைத்து மதில் ஏறப் பார்த்தார். ஊர் விழித்துக்கொண்டு அடித்து விரட்டியது. ஜெனீவா பக்கம் செத்தவர்கள் 18 பேர். கொதிக்கும் சூப்பைச் சட்டியோடு எதிரி தலையில் போட்ட ஒரு பெண்மணியின் கதையும் உண்டு. அதனால்தான் வருடாவருடம் டிசம்பரில் சாக்லேட்டில் சட்டி செய்து உடைத்துத் தின்கிறார்கள்.

சுதந்திர ஊர் என்றதும் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். மும்மைக் கடவுள் கொள்கையை மறுத்ததற்காக செர்வேட்டஸ் என்ற மருத்துவரை 1553-ல் உயிரோடு எரித்த ஊர் இது. ஜெனீவாவிலேயே பிறந்த ரூசோவின் புத்தகங்களை 1762-ல் எரித்த ஊரும் இதுதான். நாடகம் போடக்கூடத் தடை.

அடிமைப்பட்ட லோசானில் நிலைமை தலைகீழ். வோல்டேர் 1755-ல் ஜெனீவாவில் வீடு வாங்கினார், ஆனால் தன் நாடகங்களை மேடையேற்றி நடிக்க லோசானுக்குத்தான் வந்தார். பார்த்தவர்களில் ஒரு இங்கிலீஷ் பையனும் உண்டு, பெயர் எட்வர்ட் கிப்பன். ஆக்ஸ்ஃபோர்டில் கத்தோலிக்கனாக மாறிவிட்டான் என்று அவன் அப்பா 1753-ல் அவனை லோசானில் ஒரு பாதிரியார் வீட்டில் கொண்டுவந்து தள்ளியிருந்தார். அங்கே சூசான் குர்ஷோ என்ற பெண்ணைக் காதலித்தான். அப்பா சம்மதிக்கவில்லை, காதல் முறிந்தது. பிற்காலத்தில் அதே லோசானுக்குத் திரும்பி வந்து, ரோம சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சி பற்றிய தன் பெரும் நூலின் கடைசி வரியை 1787 ஜூன் 27 இரவு எழுதி முடித்தார்.

பெர்னுக்கு எதிராக லோசானில் யாருமே வாய் திறக்கவில்லையா என்றால், ஒருவர் திறந்தார். மேஜர் டவேல். 1723 மார்ச் 31 அன்று சில நூறு வீரர்களோடு ஊருக்குள் வந்து, பெர்ன் ஆட்சியிலிருந்து விடுபடுவோம் என்று நகர சபையிடம் சொன்னார். சபைப் பெரியவர்கள் அவரை மரியாதையாக உட்கார வைத்து, இந்தப் பக்கம் பெர்னுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கைது. ஏப்ரல் 24-ல் ஏரிக்கரையில் விடி என்ற இடத்தில் தலையை வெட்டினார்கள். பல வருடம் மேலிடத்துக்குப் பயந்தே பழகிய ஆபீஸ் எப்படி நடந்துகொள்ளும் என்று நமக்குத் தெரியாதா என்ன.

சூசானை விட்ட இடத்தில் பிடிக்கிறேன், ஏனென்றால் கதை பேங்க் பக்கம் திரும்புகிறது. அவர் 1764-ல் கட்டிக்கொண்டது ஜெனீவாவைச் சேர்ந்த பேங்கர் நெக்கரை. பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் கஜானாவைப் பார்த்துக்கொண்ட அதே நெக்கர். அன்று பிரெஞ்சு அரசு கடன் வாங்கிய விதம் விசித்திரமானது. ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு ஒருவர் பெயரைச் சொன்னால், அந்த ஆள் உயிரோடு இருக்கும்வரை வருடாவருடம் பணம் வரும். அறுபது வயதுக் கிழவர் பெயரைச் சொன்னாலும் சரி, ஐந்து வயதுக் குழந்தை பெயரைச் சொன்னாலும் சரி, பெரும்பாலும் ஒரே வீதம்! இன்று எந்த எல்.ஐ.சி. ஏஜென்ட்டும் சிரிப்பார். ஜெனீவா பேங்கர்கள் சும்மா இருப்பார்களா? நல்ல குடும்பங்களில், அம்மை கண்டு பிழைத்த ஆரோக்கியமான சிறுமிகளாக முப்பது பேர் என்று பொறுக்கி எடுத்தார்கள். அவர்கள் பெயரில் பணத்தைப் போட்டார்கள். முப்பதையும் ஒன்றாகக் கட்டி, பங்கு பிரித்து ஊர்மக்களுக்கு விற்றார்கள். 'ஜெனீவாவின் முப்பது குமாரிகள்' என்று நிதி வரலாற்றில் பெயர் பெற்றது இந்த ஏற்பாடு. அந்தச் சிறுமிகளில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் ஊருக்கே வயிற்றைக் கலக்கும்.

கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் யார் சாகக்கூடாது என்று பார்த்தார்களே தவிர, யார் பணம் கொடுக்க வேண்டும் என்று பார்க்கவில்லை. புரட்சி வந்தது, பிரெஞ்சுக் காகிதப் பணம் மதிப்பிழந்தது, 1797-ல் அரசு தன் கடனில் மூன்றில் இரண்டு பங்கைக் கைகழுவியது. ஜெனீவாவில் பல பேங்குகள் கவிழ்ந்தன. கிரெடிட் டிபார்ட்மெண்டில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

மிச்சத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1798-ல் பெர்ன் ஆட்சி ஒழிந்தது. 1803-ல் வோ தனி மாநிலமானது, லோசான் அதன் தலைநகர். ஜெனீவாவை பிரான்ஸ் விழுங்கி, 1813 கடைசியில்தான் துப்பியது. சுவிட்சர்லாந்தில் அது சேர்ந்தது 1815-ல். ஆக, சுவிஸ் மாநில அந்தஸ்தில் லோசான்தான் 12 வருடம் சீனியர்!

அகதிகளை வாங்கிப் பழகிய ஊருக்கு 1863-ல் செஞ்சிலுவைச் சங்கம், 1920-ல் சர்வதேச சங்கம், பிறகு ஐ.நா. அலுவலகங்கள் என்று வரிசையாக வந்தன. லோசானுக்கு வந்தவை வேறு ரகம். 1875 முதல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அங்கேதான். 1915-ல் ஒலிம்பிக் கமிட்டியை கூபர்தான் அங்கே மாற்றினார். 2019-ல் திறந்த அதன் புதுக் கட்டடம் நிற்பது, டவேலின் தலை உருண்ட அதே விடி பகுதியில். துருக்கியின் எல்லைகளை முடிவு செய்த 1923 ஒப்பந்தமும் லோசானில்தான் கையெழுத்தானது. நம் கிலாஃபத் இயக்கத்தின் கதை இதோடு ஒட்டியது.

நம் ஆட்களின் சுவடும் இரண்டு ஊரிலும் உண்டு. காந்தி 1931 டிசம்பரில் இரண்டிலும் பேசினார். கமலா நேரு 1936 பிப்ரவரி 28-ல் காலமானது லோசானில். கச்சில் மாண்ட்வியில் பிறந்த ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1930-ல் ஜெனீவாவில் காலமாகி, அவர் அஸ்தி 73 வருடம் அங்கேயே இருந்து 2003-ல்தான் குஜராத் வந்தது. இதைச் சொன்னதும் நண்பர் ஜெனீவா பக்கம் சாய்ந்துவிட்டார். அவர் அம்மாவுக்கும் மாண்ட்விதான் பிறந்த ஊராம்.

இருந்தாலும் என் ஓட்டு லோசானில் தங்குவதற்குத்தான். ஒரே ஒரு ராத்திரி என்றால் ஜெனீவா. மூன்று ராத்திரி என்றால் லோசானில் பெட்டியை வைத்துவிட்டு, ஒரு நாள் காலையில் ட்ரெயின் ஏறி ஜெனீவா போய், பாஸ்தியோன் பூங்கா, பழைய ஊர், 140 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சும் அந்த நீரூற்று, முடிந்தால் ஐ.நா. கட்டடம் எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரிக்குத் திரும்பிவிடலாம். இன்னொரு நாள் எதிர்த் திசையில் ஷியோன் கோட்டை. ஜெனீவாவின் சுதந்திரத்துக்காகப் பேசிய போனிவார் என்பவரை சவாய் பிரபு ஆறு வருடம் அடைத்து வைத்த இடம். பைரன் கவிதை எழுதிப் பிரபலமாக்கியது இவரைத்தான். இவரை விடுவித்ததும் பெர்ன் படைதான், அதே 1536-ல். லோசானிலிருந்து அது பக்கம், ஜெனீவாவில் தங்கினால் போய்வரவே அரை நாள் போய்விடும்.

அம்மாவின் முட்டிவலிதான் நண்பரின் பெரிய கவலை. நியாயமானது. லோசான் முழுக்க மேடும் பள்ளமும், ஏரிக்கரையிலிருந்து கதீட்ரலுக்கு நடப்பது நமக்கே மூச்சு வாங்கும். ஆனால் 1877-லேயே அங்கே கயிற்று ரயில் போட்டுவிட்டார்கள். 2008 முதல் அதே தடத்தில் டிரைவர் இல்லாத மெட்ரோ ஓடுகிறது. ஏரிக்கரையில் ஏறி பெஸ்ஸியேர் ஸ்டேஷனில் இறங்கினால் கதீட்ரல் கூப்பிடு தூரம். ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு உள்ளூர்ப் போக்குவரத்து அட்டை இலவசம் (ஜெனீவாவிலும் உண்டு), செக்-இன் செய்யும்போது மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும்.

லோசானில் தங்கினால்தான் கிடைக்கும் ஒன்றும் இருக்கிறது. கதீட்ரல் கோபுரத்தில் இரவு 10 முதல் 2 வரை மணிக்கு ஒரு தடவை, காவலாளி நான்கு திசைக்கும் வாயைக் குவித்து, காவல்காரன் பேசுகிறேன், பத்து அடித்துவிட்டது என்று கத்துவார். ஊரைத் தீயிலிருந்து காக்க 1405-ல் வந்த ஏற்பாடு. பிஷப் போனார், பெர்ன் வந்து போனது, இது மட்டும் நிற்கவில்லை. 2021-ல் முதல் தடவையாக ஒரு பெண்ணை அந்த வேலைக்கு எடுத்தார்கள். கடைசி ட்ரெயினுக்கு ஜெனீவா ஓட வேண்டியவர்கள் பாதியில் கிளம்பவேண்டி வரும். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் கதீட்ரல் வாசலில் நில்லுங்கள், ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு.