மேல்வீட்டுக் குழாய், கீழ்வீட்டுக் கூரை: அடுக்ககப் பழுதுச் செலவில் பொறுப்பின் அளவுகோல்

அடுக்ககத்தில் ஏற்படும் பழுதுக்குச் செலவை ஏற்க வேண்டியவர் வீட்டு உரிமையாளரா, சங்கமா? வீட்டுச் சுவருக்கு உள்ளே இருப்பது உரிமையாளர் பொறுப்பு, வெளியே இருப்பது சங்கத்தின் பொறுப்பு என்பது வழக்கமான விடை. சண்டை மூளும் இடங்களில் இந்த விடை கைகொடுப்பதில்லை. மேல்வீட்டுக் குளியலறையின் கழிவுநீர்க் குழாய் அந்த வீட்டுக்கு மட்டுமே பயன்படுகிறது. பல கட்டடங்களில் அது கிடப்பதோ கீழ்வீட்டுப் பொய்க்கூரைக்கு மேலே. எல்லா வீடுகளுக்கும் தண்ணீர் கொண்டுபோகும் குழாய் ஒருவர் வீட்டுச் சமையலறைச் சுவருக்குள் புகுந்து இறங்குவதும் உண்டு. மலேசியச் சட்டம் இச்சிக்கலுக்கு வேறோர் அளவுகோலை வைத்திருக்கிறது. அந்த அளவுகோலே ஏற்கத்தக்கது என்பதும், அதைக் கூரைக்குப் பொருத்தும்போது ஒரு திருத்தம் தேவை என்பதும், செலவை முதலில் செய்பவரையும் முடிவில் ஏற்பவரையும் பிரித்துப் பார்க்காவிட்டால் அது ஏட்டளவில் நின்றுவிடும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இடமும் பயனும்

மலேசியாவின் ஸ்ட்ராத்தா (அடுக்கக) நிர்வாகச் சட்டம் (சட்டம் 757) 2013இல் இயற்றப்பட்டு, 2015 ஜூன் 1 முதல் மலேசியத் தீபகற்பத்தில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் வெளியான 2015ஆம் ஆண்டின் பராமரிப்பு, நிர்வாக ஒழுங்குவிதிகளில் மாடிகளுக்கு இடையிலான நீர்க்கசிவுக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்படும் சுவர், தளம், குழாய், கம்பி ஆகியவற்றில் குறை இருந்தால், அது பொது இடத்தில் அமைந்திருந்தாலும் அந்த வீட்டைச் சார்ந்தது என்கின்றன இவ்விதிகள். ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பயன்படுவது எங்கே இருந்தாலும் பொதுச் சொத்தைச் சார்ந்தது.

இது வெறும் வசதிக்காகச் செய்த ஏற்பாடு ஆகாது. குழாய் எந்த வழியில் போக வேண்டும் என்பதை வரைபடக்காரர் தீர்மானிக்கிறார். வீட்டை வாங்கியவருக்கு அதில் பங்கில்லை. அவர் தேர்ந்தெடுக்காத ஒன்றின் மீது பொறுப்பைச் சுமத்துவதை விட, அவர் நாள்தோறும் பெறும் பயனோடு அதைப் பிணைப்பது நியாயமானது. குழாயைத் தேயவைப்பதும் அந்தப் பயன்பாடுதான்.

மெய்ப்பிக்கும் சுமை

பயனை வைத்துப் பொறுப்பை அளந்தாலும், கசிவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எஞ்சும். கீழ்வீட்டு விதானத்தில் ஈரம் கண்டால், மாறான சான்று இல்லாதவரை, குறை மேல்வீட்டில்தான் என மலேசிய விதிகள் அனுமானிக்கின்றன. சிங்கப்பூரின் 2004ஆம் ஆண்டு அடுக்கக நிர்வாகச் சட்டமும் 101(8) பிரிவில் ஏறத்தாழ இதே அனுமானத்தைக் கொண்டிருக்கிறது.

குற்றம் செய்யாதவரைக் குற்றவாளியாக்கும் ஏற்பாடு இது என்பது மேல்வீட்டார் வைக்கும் மறுப்பு. ஓடுகளுக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சைப் பூசியவர் கட்டுநர். அது காலத்தால் நைந்துபோனதற்கு வீட்டுக்காரர் என்ன செய்வார் என்று அவர்கள் கேட்கிறார்கள். மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆயினும் இந்த அனுமானம் மறுக்கத்தக்கது, தண்டனையும் அன்று. கசிவின் ஊற்று மேல்வீட்டின் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும்போது அதைச் சோதிக்க வல்லவர் மேல்வீட்டாரே. அணுக முடியாத கீழ்வீட்டாரிடம் சான்று கேட்பது, அவருக்கு நியாயத்தை மறுப்பதற்குச் சமம்.

கூரை என்னும் விலக்கு

பயன் என்ற அளவுகோலைக் கண்மூடிப் பொருத்தினால் ஓர் இடத்தில் அது தவறிவிடும். மொட்டை மாடி ஒழுகும்போது, நனைவது கடைசி மாடிதானே, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று கீழ்த்தள உரிமையாளர்கள் சொல்வதுண்டு. தரைத்தள வீட்டார் மின்தூக்கிச் செலவில் பங்கு தர மறுப்பதும் இதே தர்க்கத்தில்தான்.

கூரையின் பயன் மழையைத் தடுப்பதோடு முடிவதில்லை. காங்கிரீட்டுக்குள் நீர் இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது. பருத்த கம்பி காங்கிரீட்டைப் பிளக்கிறது. பிளவு வழியே இன்னும் நீர் இறங்குகிறது. பலவீனமாவது எல்லா வீடுகளையும் தாங்கும் சட்டகம். எனவே, உடனடியாக நனைபவர் யார் என்பதை விட்டு, கேடு முற்றினால் பாதிக்கப்படுபவர் யார் என்று பார்த்தே கூரையின் பயனை அளக்க வேண்டும். சிங்கப்பூர் அதே சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம், கட்டுமானத் தாங்குறுப்புகளையும் கூரை, வெளிச்சுவர் ஆகியவற்றோடு ஒட்டிய நீர்த்தடுப்புப் படலத்தையும் பொதுச் சொத்தில் சேர்த்தது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை, மேம்பாடு) சட்டமும் மொட்டை மாடி, மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பொது இடங்கள் என்றே வரையறுக்கிறது. குளியலறைப் பூச்சு இவ்விலக்கில் அடங்காது. அதன்மேல் விழும் நீர் ஒரே வீட்டின் நீர்; பயன்பாடும் அவ்வீட்டாருடையதே.

முன்செலவும் முடிவுச் சுமையும்

பொறுப்பாளி யார் என்று தெரிந்த பிறகும் பழுது சரியாவதில்லை. இருவர் வாதாடும் காலமெல்லாம் விதானம் நனைந்துகொண்டே இருக்கும். மலேசிய விதிகளின் பெரும் பலம் இங்கேதான். முறையீடு கிடைத்த ஏழு நாளுக்குள், அங்கே சங்கத்தின் இடத்தில் இருக்கும் நிர்வாகக் கழகம் சோதனையிட வேண்டும். சோதனை முடிந்த ஐந்து நாளுக்குள் காரணத்தையும் பொறுப்பாளியையும் குறித்துச் சான்றிதழ் தர வேண்டும். பொறுப்பாளி ஏழு நாளில் சரிசெய்யாவிட்டால் கழகமே செய்துவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்கலாம். சோதிக்க வருபவர்களுக்குக் கதவைத் திறக்க மறுப்பது குற்றம். முடிவை ஏற்காதவர் 2,50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் ஸ்ட்ராத்தா நிர்வாகத் தீர்ப்பாயத்தை நாடலாம்.

இந்தியச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இந்தப் பலம் துலங்கும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14(3) பிரிவு, வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் தெரிவிக்கப்படும் கட்டுமானக் குறையைக் கட்டுநர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. மலேசியாவின் வழக்கமான விற்பனை ஒப்பந்தம் தருவது 24 மாதமே. வாங்குபவருக்குக் கட்டுநரிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்பில் இந்தியா முந்தியிருக்கிறது. ஆனால் அந்த ஐந்தாண்டு கழிந்து, மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சங்கமும் மட்டும் எஞ்சும்போது, அச்சட்டத்தில் ஒழுகலுக்கான அனுமானமும் இல்லை, நாள் கணக்கும் இல்லை. கட்டடம் மூப்படைவதோ அதன் பிறகுதான்.

முன்செலவு செய்யச் சங்கத்திடம் பணம் வேண்டும். மலேசியாவில் தொடக்கக் கட்டங்களில் பராமரிப்புக் கட்டணத்தின் 10 விழுக்காட்டுக்குச் சமமான தொகை சேமநிதிக்குப் போகிறது. கூரைப் பூச்சு, வெளிச்சுவர்ச் சாயம், மின்தூக்கி மாற்றம் போன்றவை இந்நிதிக்கு உரியவை. நிதி மெலிந்திருந்தால், இத்தனை ஆண்டு பயன்படுத்திவிட்டு விற்றுச் சென்றவரின் பங்கையும் இன்று வாங்கியவர் கட்ட நேரிடும். பயனுக்கேற்ற பொறுப்பு என்ற கொள்கை வீடுகளுக்கிடையே பொருந்துவதுபோலத் தலைமுறைகளுக்கிடையேயும் பொருந்த வேண்டும்.

ஆகவே, அடுக்ககச் சட்டங்களும் துணைவிதிகளும் நான்கைத் தெளிவாக வகுக்க வேண்டும். பயனே பொறுப்பின் அளவுகோல். கட்டடச் சட்டகத்தைக் காக்கும் எதுவும் எல்லோருக்கும் உரிய பயன். ஊற்றை அணுக வல்லவர் மீதே மெய்ப்பிக்கும் சுமை. குறித்த நாளுக்குள் பழுது நீங்காவிட்டால் சங்கம் முதலில் செலவிட்டுப் பின் வசூலிக்க வேண்டும். இந்த நான்காவது இல்லாத சட்டம் வழக்கை முடிக்கலாம், ஒழுகலை நிறுத்தாது.