பொட்டுக்கு மட்டும் வர்ணம்

லின்னேயஸ் டிரைப் என்ற கும்பினிப் பட்டாள அதிகாரி 1858-ல் பெரிய காமிராவோடு மதுரைக்கு வந்தார். திருமலை நாயக்கர் மகாலையும் மீனாட்சியம்மன் கோயிலையும் மெழுகிட்ட காகித நெகட்டிவில் பிடித்தார். வானம் மட்டும் வெறிச்சென்று வெளுத்து விழுந்தது. அந்தக் காலத்து ரசாயனம் நீலத்தைக் கண்டால் உடனே மயங்கும். சிவப்பைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும். டிரைப் சும்மா இருக்கவில்லை. நெகட்டிவின்மேலேயே தூரிகையால் சாயம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். மதுரைக்காரர்களாகிய நாம் ஆசைப்படும் மேகங்கள்தாம்!

1873-ல் ஜெர்மானியரான ஃபோகல், தகட்டில் சாயம் சேர்த்தால் பச்சையும் பதியும் என்று கண்டார். சிவப்பையும் காணும் தகடு 1906-ல் இங்கிலாந்தில் கடைக்கு வந்தது. ஆனாலும் சிவப்பு விளக்கடியில் பார்த்துக் கழுவலாம் என்ற வசதிக்காகப் பழைய வகையும் நெடுநாள் புழங்கிற்று. அதில் குங்குமம் கறுப்பு. சௌராஷ்டிரர்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் சுங்குடியின் சிவப்பும் கறுப்புத்தான்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தவர்தாம் ஸ்டூடியோ வர்ணக்காரர். எல்லா இடத்திலும் பூசமாட்டார். குச்சியில் பஞ்சு சுற்றிக் கன்னத்தில் லேசாக ஒரு தடவல். மெல்லிய தூரிகையால் சேலைக் கரைக்கு ஓர் இழை. மூக்குத்திக்கும் அட்டிகைக்கும் மஞ்சள் புள்ளிகள். செட்டிநாட்டு வீடுகளின் கூடங்களில் இத்தகைய படங்களை இன்றும் பார்க்கலாம். தூணும் திரையும் சாம்பலாய் நிற்க, நகைகள் மட்டும் மின்னும். கலை என்று இதைக் கொண்டாட நான் தயாரில்லை. ஆனால் எதற்கு வர்ணம், எதற்கு வேண்டாம் என்று வீட்டார் சொன்ன தீர்ப்பு அதில் அப்படியே பதிந்திருக்கிறது.

என் சின்னப் பாட்டி, மணமான புதிதில் 1930-களில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று உண்டு. தாத்தா போன பிறகு அதைப் பெரிதாக்கி வர்ணம் போடக் கொடுத்தார்கள். "பொட்டு என்ன செய்ய?" என்று வர்ணக்காரர் கேட்டாராம். "அதைத் தொடாதேயும்" என்றார் பெரியவர். கன்னம் சிவந்தது, தோடு மின்னியது. பொட்டு கறுப்பாகவே நின்றுவிட்டது. பாட்டி அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை என்பார்கள்.

ஃபோட்டோஷாப் 1990-ல் வந்தது. வர்ணப் படலத்தை அடியில் வைத்து, மேலே கறுப்பு-வெள்ளைப் படலத்தைப் போர்த்தி, வேண்டிய இடத்தில் மட்டும் விலக்கினால் போதும். சென்ற வருஷம் பாட்டியின் பேரன் பழைய நெகட்டிவிலிருந்து படம் எடுத்து, பொட்டை மட்டும் சிவப்பாக்கினான். பிறகு சுங்குடிச் சேலைக்கு வந்தான். அரக்கா, கரும்பச்சையா? நெகட்டிவில் இரண்டும் ஒன்றுதான். வீட்டில் வயதானவர்கள் ஒவ்வொருவரையும் கேட்டான். சேலையைக் கண்டவர் யாரும் இல்லை. அதைச் சாம்பலாகவே விட்டுவிட்டான்.