கால் வைத்த ஈமப்பேழை

எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பல்லாவரத்து ஈமப்பேழையைப் பார்ப்பவர்கள், எத்தனை வருஷம் பழசு என்றுதான் கேட்பார்கள். எனக்கு வரும் கேள்வி, இதை எப்படிச் சுட்டார்கள் என்பது. தாம்பரத்துப் பக்கம் குயவர் வீட்டில் பிறந்தவனுக்கு அப்படித்தான் புத்தி போகும்.

சுட்ட மண்ணில் நீளமான தொட்டி, அடியில் வரிசையாகக் கால்கள். சக்கரத்தில் வராத வேலை. சுவரைக் கையாலேயே எழுப்ப வேண்டும். கீழ்மண் இறுகுமுன் மேலே ஏற்றினால் சரியும். ரொம்பக் காய்ந்துவிட்டால் புதுமண் ஒட்டாது. வெயிலில் வைத்தால் வெடிக்கும். கால்கள் எதற்கு? அடிப்பாகம் தரையில் படிந்திருந்தால் சூளையில் அங்கே வேகாது. கால் இருந்தால் தீ அடியிலும் புகும். இது என் கணிப்பு. ஆய்வாளர்கள் சண்டைக்கு வரலாம்.

பல்லாவரம் என்றால் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்த கற்கோடரியைத்தான் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். பேழைகளை 1880களில் வெளிக்கொணர்ந்தவர் அலெக்சாண்டர் ரீ. பின்னாளில் ஆதிச்சநல்லூரைத் தோண்டியவரும் அவர்தான். செங்கல்பட்டுப் பக்கம் சானூரில் 1950களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்விலும் இதே மாதிரிக் கால் வைத்த பேழைகள் கிடைத்தன. எல்லாம் இரும்புக்காலத்தவை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை.

செத்தவரை அப்படியே கிடத்தி மூடியதாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் சதை போன பிறகு எலும்புகளைப் பொறுக்கி, சோற்றுக் கலங்களோடும் இரும்புக் கருவிகளோடும் வைத்தார்கள். எங்கள் ஆயா சொன்ன கதை வேறு: வயதாகி வயதாகிச் சுருங்கி, சாவே வராமல் கிடந்த கிழங்களைத் தாழியில் உட்காரவைத்து, விளக்கும் சோறும் வைத்து மூடிவிடுவார்களாம். அந்தக் கதையைக் கேட்ட ராத்திரிகளில் எங்கள் வீட்டுக் குதிர் பக்கம் நான் போனதே கிடையாது.

கடல் தாண்டிக் கிரீட் தீவிலும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கால் வைத்த மண்பெட்டிகளிலும் குளியல் தொட்டிகளிலும் பிணம் வைத்தார்கள். சிலவற்றில் சாக்குக்கணவாய்கூட வரைந்திருக்கிறது. உடனே அங்கிருந்து இங்கே வந்தது என்று கிளம்பிவிடக் கூடாது. இத்தனை பெரிய மண்வேலைக்குத் தீ சொல்லும் வழி எங்கும் ஒன்றுதான். அதே கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்தின் பெரிய இடுகாடும் குயவர் தெருவை ஒட்டியே இருந்தது. அந்த இடுகாட்டுக்குக் கெராமெய்கோஸ் என்ற பெயரே குயவரை வைத்து வந்ததுதான். அந்த நகரத்தில் சோலோன் என்றொருவர், கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்கு முன், பெண்கள் கன்னத்தைக் கீறிக்கொண்டு ஒப்பாரி வைக்கக் கூடாதென்று சட்டம் போட்டார். எங்கள் தெருக் கிழவிகளிடம் அந்தச் சட்டம் ஒரு நாள் நிலைத்திருக்காது.

புறநானூற்றில் கணவனை வழியிலேயே இழந்த ஒருத்தி, தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய் என்று குயவரைக் கேட்கிறாள். படிப்பவர்கள் அவளுக்காக அழுகிறார்கள். நான் அந்தக் குயவரை நினைப்பேன். வாயை ஒரு சாண் அகட்டினால் எத்தனை கூடை மண் கூடும், தோள் சரியாமல் எப்படித் தாங்கும், அவளிடம் என்ன கூலி கேட்பது?

இப்போது சாவுக்கு எங்களிடம் வாங்குவது கொள்ளிக்குடமும் கொள்ளிச்சட்டியும்தான். சுடுகாட்டில் சுற்றுக்கு ஓர் ஓட்டை போட்டு மூன்றாம் சுற்றில் உடைக்கிற குடத்துக்கு அப்பா அதிகம் மெனக்கெட மாட்டார். மின்மயானத்துக்குப் போகிற சாவுக்கும் குடம் கேட்டு வருகிறார்கள்.