யானையேற்றிய கலங்கள்: ஈழநாட்டு மரக்கலமும் மதுரைப் போரும்

மதுரை கடற்கரை நகரன்று. ஆனைமலையும் திருப்பரங்குன்றமும் காவல் நிற்கும் வையைச் சமவெளியில் அமைந்த அப்பேரூரின் வரலாற்றை எழுதுவோர் அரசரையும் கோயிலையும் புலவரையும் விரித்துரைப்பர். கப்பலைப் பற்றிப் பேசுவது அரிது. எனினும், கி. பி. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரை அரியணை எவர்க்குரியது என்னும் வழக்கு, பாக்கு நீரிணையின் அக்கரையில் கட்டப்பெற்ற மரக்கலங்களோடு பிணைந்து கிடந்தது. அக்கலங்கள் எத்தன்மையன, ஈழநாடு போன்றதொரு சிறு நாடு அவற்றை யாது கருதித் தேர்ந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழரசரின் கடலாட்சியைப் போற்றுவோர் பலரும் போர்க்கப்பலையே மனத்திற்கொண்டு எழுதுகின்றனர். கடலிற் கலமும் கலமும் பொருத செய்திகளைத் தேடி, அவை கிடையாதவிடத்துக் கற்பனையால் நிரப்புவாரும் உளர். கல்வெட்டுகளும் பாலி நூல்களும் காட்டுவது வேறொரு காட்சியாகும். அவற்றிற் பெரிதும் பேசப்படுவது கலத்தின் போர்த்திறம் அன்று. அஃது ஏற்றிச் சென்ற சுமையேயாம். ‘கலம்’ என்னும் சொல்லே இதற்கு ஒருவாறு துணை நிற்கும். உண்கலமும் கலம், நெல்லளக்கும் அளவையும் கலம், கடலோடும் நாவாயும் கலம். கொள்ளுதலே இம்மூன்றற்கும் பொதுவாகிய பண்பு. காந்தளூர்ச் சாலையில் முதலாம் இராசராசன் கலமறுத்த செய்திக்கு அறிஞர் பல்வேறு பொருள் கூறி வழக்கிட்டமையும் இச்சொல்லின் பொருள் விரிவினால் நேர்ந்ததேயாம்.

மதுரைப் போர்

பாண்டிய அரசுரிமை குறித்துப் பராக்கிரம பாண்டியனுக்கும் குலசேகர பாண்டியனுக்கும் பகை மூண்டது. மதுரையுள் முற்றுகையிடப்பட்ட பராக்கிரமன், ஈழ வேந்தனாகிய முதலாம் பராக்கிரமபாகுவின் (கி. பி. 1153–1186) துணையை வேண்டினான். இலங்காபுரன் என்னும் தண்டநாயகன் தலைமையில் படை புறப்படுமுன்னரே மதுரை வீழ்ந்தது. பராக்கிரம பாண்டியனும் கொல்லப்பட்டான். ஆயினும் ஈழவேந்தன் தன் படையை நிறுத்தினானல்லன். கொலையுண்டவன் மகனாகிய வீரபாண்டியனை அரியணை ஏற்றுதலே அதன்பின் அவன் குறிக்கோளாயிற்று. குலசேகரனுக்குச் சோழர் துணை நின்றனர்.

இப்படை மாதோட்டத்திற் கலமேறி, ஒரு பகலும் ஓர் இரவும் கடலிற் கழித்து, பாண்டிநாட்டுக் கரையை அடைந்தது என்று சூளவம்சம் கூறும். ஆண்டு எதிர்ப்படை நின்றமையின், வீரர் பெருங்கலங்களினின்று சிறு தோணிகளுக்கு மாற்றப்பட்டனர். அம்பு மழையைத் தோற்கேடயங்களால் தடுத்துக்கொண்டே கரையேறினர். இச்செய்தி நுணுகி நோக்கற்பாலது. பெருஞ்சுமை ஏற்றும் கலம் ஆழமற்ற கரையை அணுகலாகாது. கரையை அணுகும் தோணி பெருஞ்சுமை ஏற்கலாகாது. ஆகவே இரண்டும் உடன்செல்லல் வேண்டும். தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டரே எனினும், மணற்றிட்டுகள் நிறைந்த அந்நீரிணையில் தூரத்தினும் ஆழமே மாலுமிக்கு இடையூறாகும்.

கலங்கள் வெறுமனே மீளவில்லை என்பதும் அந்நூலாற் பெறப்படும். பாண்டிநாட்டிற் சிறைப்பட்டோர் ஈழத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அநுராதபுரத்து மகாதூபியைப் புதுப்பிக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். போகும்போது படை, மீளும்போது பணியாளர் என ஒரே கலம் இருவகைப் பயன் தந்தது.

யானையும் கலத்தின் அளவும்

ஈழத்து யானைகளைக் கலமேற்றிக் கலிங்க வேந்தனுக்கு விற்றனர் என்றும், அதற்கென்றே பெரிய மரக்கலங்களைத் தம் தீவின் காட்டுமரங்களாற் கட்டினர் என்றும் கிரேக்க மொழியில் எழுதிய ஈலியன் குறித்துள்ளார். எனவே யானைக்கலம் பராக்கிரமபாகுவின் காலத்துப் புதுமையன்று. ஆயிரம் ஆண்டிற்கு மேற்பட்ட பழமையுடையது.

யானையேற்றுதல் எளிய செயலன்று. வளர்ந்த யானை 3 முதல் 4 டன் எடையுடையது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீவனமும் 100 லிட்டருக்குக் குறையாத நீரும் அதற்கு வேண்டும். ஒரு நாட் பயணத்தில் இது பொருட்டன்று. இருபது நாட் பயணமாயின், ஒரு யானைக்கு 3 டன் தீவனமும் 2 டன் நீரும் ஏற்றல் வேண்டும். உணவின் எடை யானையின் எடையை விஞ்சிவிடும். இத்தகைய கலத்தில் யானை இல்லாதவிடத்து நெல்லை நிரப்பலாம், வீரரை நிறுத்தலாம். யானையைத் தாங்கவல்லது எதனையும் தாங்கும் என்பதே அதன் சிறப்பு.

கி. பி. 1165-ஐ ஒட்டி நிகழ்ந்த பர்மியப் படையெடுப்பு இதற்குச் சான்றாகும். பர்மிய மன்னன் யானையின் விலையை உயர்த்தியதும், பரிசில் கொணரும் கலந்தோறும் ஒரு யானை வழங்கும் பழைய மரபை ஒழித்ததும் அப்போருக்குரிய காரணங்களுட் சிலவாகச் சூளவம்சத்திற் கூறப்படுகின்றன. அக்கலங்களில் ஓராண்டுக்கு வேண்டும் உணவும், படைக்கருவிகளும், நச்சம்பின் புண்ணை ஆற்றும் மருந்தடைத்த கொம்புகளும், அம்புமுனை பறிக்கும் இரும்புக் குறடுகளும், மருத்துவரும், பணிமகளிரும் இருந்தனர். படைவீடு, பண்டசாலை, மருத்துவமனை ஆகிய மூன்றும் ஒரு மரத்தளத்தின்மேல் மிதந்தன எனலாம். எனினும் புயலாற் பல கலங்கள் அழிந்தன. ஐந்து கலங்கள் குசுமி என்னும் துறையையும், தமிழாதிகாரி ஆதித்தன் சென்ற ஒரு கலம் வேறொரு துறையையும் அடைந்தன. இப்படையெடுப்பில் தொண்டாற்றிய தலைவனுக்கு நிலம் வழங்கியதைத் தெவனகலக் கல்வெட்டு உறுதிசெய்கின்றது.

நயினாதீவுக் கல்வெட்டு

இத்துணைக் கலங்களை ஒரு சிறு நாடு எவ்வாறு பேணிற்று? இவ்வினாவிற்கு விடை காண்டற்கு நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டுப் பெரிதும் துணைபுரியும். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963-இல் வெளியிட்ட இது முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையாகக் கொள்ளப்படுகின்றது. பிறநாட்டார் ஊராத்துறைக்கே வந்து தங்குதல் வேண்டும். அவர்க்குக் காவல் அளிக்கப்படும். யானையும் குதிரையும் கொணரும் கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்திற்கும், மூன்று பங்கு உடையவனுக்கும் ஆகும். வாணிகச் சரக்குக் கொணரும் கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. இவையே அவ்வாணையின் சாரம்.

இப்பங்கீட்டைப் பொதுவாக அரசனின் அருளுடைமைக்குச் சான்றாகக் காட்டுவர். அருள் என்றே கொள்ளின், சரக்குக் கலத்திற்கும் யானைக் கலத்திற்கும் வேற்றுமை எற்றுக்கு? யானைக்கலம் பெரியது, அதன் இழப்பும் பெரியது. அவ்விழப்பின் அச்சத்தைக் குறைத்தாலன்றி வணிகர் அத்தகைய கலத்தைக் கட்டவோ இத்துறைக்கு ஓட்டவோ துணியார். ஆகவே அரசு தன் வருவாயில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, தனக்கு வேண்டிய வகைக் கலம் தன் துறையை நாடிவரச் செய்தது என்பதே எம் கருத்து. கலத்தை விலைக்குக் கொள்ளாது, கலத்தின் இடர்ப்பாட்டை விலைக்குக் கொண்ட சூழ்ச்சி இது.

பின்னாளில் பாண்டியரும் இந்நெறியையே பின்பற்றினர். பாரசீக ஆசிரியர் வாசாபு கூறும் உடன்படிக்கையின்படி, கீசுத் தீவினின்று ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் பாண்டிநாட்டிற்கு வருதல் வேண்டும். வழியில் இறந்த குதிரைக்கும் அரசு விலை தருதல் வேண்டும். ஓர்மசுக் கலங்களில் சரக்கின்மேல் தோல்களை விரித்து, அதன்மேற் குதிரைகளை நிறுத்தினர் என்பது மார்க்கோ போலோவின் குறிப்பு. கீழே சரக்கு, மேலே குதிரை. ஈண்டும் ஒரு கலத்திற்கு இரு தொழில்.

இதற்கு மாறான நெறிக்கு வெனிசு நகரை எடுத்துக்காட்டலாம். 1201-இல் அச்சிறு நகரரசு 4,500 குதிரைகளையும் 33,500 வீரரையும் ஏற்றிச்செல்ல 85,000 மார்க்கு வெள்ளிக்கு ஒப்பந்தம் செய்தது. வந்த வீரரோ மிகச் சிலர். பணமும் முழுமையாக வரவில்லை. கட்டிய கப்பல்களின் கடனே சிலுவைப்படையைச் சாரா நகரின்மேலும், பின்பு 1204-இல் கான்சுடாண்டிநோபிளின்மேலும் திருப்பியது. தனித்தொழிற்கெனக் கட்டிய கப்பல் தொழிலின்றி நிற்பின், உடையவனையே அது செலுத்தத் தொடங்கும் என்க.

திருவாலங்காட்டுக் கல்வெட்டு

ஈழத்தார் நெறிக்கும் ஒரு குறை இருந்தது. பெருங்கலம் சில துறைகளையே நாடும். பகைவனும் அத்துறைகளை அறிவான். முதற்போரில் இலங்காபுரன் முதலியோர் தலைகள் மதுரை வாயிலில் அறையப்பட்டன என்று பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு கூறுகின்றது; சூளவம்சம் இதனை உரையாது வெற்றியே பேசும். தோல்விக்குப் பின்னும் ஈழவேந்தன் முயற்சியை விட்டானல்லன். ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வலிகாமம், மட்டிவாழ் ஆகிய இடங்களில் அவன் படை திரட்டிக் கலங்கள் கட்டுவித்த செய்தி, இரண்டாம் இராசாதிராசனின் 12-ஆம் ஆட்சியாண்டுத் திருவாலங்காட்டுக் கல்வெட்டில் உள்ளது. (புகழ்பெற்ற திருவாலங்காட்டுச் செப்பேடுகள் வேறு.) இதனையறிந்த சோழர் தலைவன் அண்ணன் பல்லவராயன் கடற்போருக்குக் கலம் திரட்டவில்லை. ஈழ அரசுரிமை வேண்டிச் சோழநாட்டில் இருந்த சீவல்லபனைப் படையுடன் அனுப்பினான். புலைச்சேரியும் மாதோட்டமும் அழிக்கப்பட்டன, யானைகள் கைப்பற்றப்பட்டன.

நயினாதீவு ஆணை வணிகரை அழைத்த ஊராத்துறையே, திருவாலங்காட்டுக் கல்வெட்டில் கலங்கட்டும் துறைகளுள் முன்னிற்றல் காண்க. அமைதிக்காலத்து யானைத்துறையும் போர்க்காலத்துப் படைத்துறையும் வேறல்ல. கலத்தைக் கடலில் வெல்வதினும், அது கட்டப்படும் கரையையும் அதன் சுமையையும் அழிப்பது எளிது என்பதைச் சோழர் உணர்ந்திருந்தனர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: ஈழநாடு தேர்ந்தது பொருங்கலமன்று, பொறுக்குங்கலம், அதனை அரசின் பொருளால் மட்டுமன்றித் துறைமுகச் சட்டத்தாலும் ஈட்டிக்கொண்டது, அதன் வலிமை பலதொழிற்கு உதவுதல், மெலிவு சில துறைகளையே சார்தல். இன்றும் படையையும் ஊர்தியையும் பேரிடர்க்காலப் பொருளையும் ஒருங்கே ஏற்றும் கப்பலைச் சிறு நாடுகளின் கடற்படைகள் நாடுவது இப்பழைய கணக்கின் தொடர்ச்சியேயாம். கடல்சார் வரலாற்றை ஆராயப் புகும் மாணவர், கலம் யாரோடு பொருதது என்று கேட்பதன்முன், அது யாதை ஏற்றிற்று, எத்துறையில் நின்றது, உடைந்தபோது இழப்பை யார் ஏற்றார் என்று கேட்பாராக. மதுரை வாயிலில் நிகழ்ந்தவற்றின் காரணம் சில, ஊராத்துறை மணலிற் கிடந்தமை அப்பொழுது புலனாகும்.