கஞ்சா வேட்டையும் கைது எண்ணிக்கையும்: சேரி அறிந்திருக்க வேண்டிய சட்டம்

ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாடு சட்டப்பேரவையில் காவல் துறைக்கான மானியக் கோரிக்கை முன்வைக்கப்படும்போது, கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றும் உறுப்பினர்களுக்கு வழங்கப்படுகிறது. போதைப்பொருள் ஒழிப்பு பற்றிப் பேசும் இடத்தில் அது முன்னிறுத்துபவை மூன்று எண்கள்: பதிவான வழக்குகள், கைதானோர், கைப்பற்றப்பட்ட கஞ்சாவின் எடை. துறைக்கு ஒதுக்கப்படும் நிதிக்கும் ஆளுக்கும் இந்த எண்களே நியாயமாகக் காட்டப்படுகின்றன. கைது எண்ணிக்கையே வெற்றியின் அளவுகோல் ஆகும்போது, கைது எங்கே எளிதோ அங்கேயே காவலர் செல்வர். அந்த இடம் பெரும்பாலும் சேரியாக இருக்கிறது என்பதே நமது வாதம்.

ஒன்றை முதலில் தெளிவுபடுத்துவோம். போதைப்பொருளுக்கு எதிரான நடவடிக்கையே கூடாது என்று நாம் கூறவில்லை. கஞ்சாவுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் நம் குடியிருப்புகளில்தான் அதிகம் புலம்புகின்றனர். விற்பவனைப் பிடிக்கச் சொல்லி மனு எழுதித் தரக் கேட்டு வருவோரும் அவர்களே. அவர்கள் கேட்பது விநியோகத்தை அறுப்பதை. கிடைப்பதோ, தெருமுனையில் நின்ற பையனின் கைது.

எண்ணிக்கை உருவாகும் விதம்

தமிழ்நாட்டுக்கு வரும் கஞ்சாவின் பெரும்பகுதி ஆந்திர–ஒடிசா எல்லையின் மலைப்பகுதிகளில் விளைகிறது. ரயிலிலும் சரக்கு வாகனங்களிலும் இங்கு வந்து சேர்கிறது. ஒரு பங்கு இராமநாதபுரக் கடற்கரை வழியாக இலங்கைக்கும் கடத்தப்படுகிறது. இச்சங்கிலியில் முதலீடு செய்பவர், வண்டி ஏற்பாடு செய்பவர், மொத்தமாக வாங்கிப் பதுக்குபவர், பொட்டலம் போட்டு விற்பவர் எனப் பல கண்ணிகள் உண்டு. மேல் கண்ணியைப் பிடிக்க மாதக்கணக்கில் தொலைபேசி ஆய்வும், பணப் பரிமாற்ற ஆய்வும், பிற மாநிலப் பயணமும், பயிற்சி பெற்ற புலனாய்வாளர்களும் தேவை. கடைசிக் கண்ணியைப் பிடிக்க ஒரு ஜீப்பும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

2021 டிசம்பரில் தொடங்கி அடுத்தடுத்த கட்டங்களாக நடந்த 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' போன்ற காலவரையறை கொண்ட நடவடிக்கைகளில் இந்த வேறுபாடு கூர்மையடைகிறது. ஒரு மாதத்துக்குள் எண்ணிக்கை காட்ட வேண்டிய நிலையம், ஆறு மாதம் பிடிக்கும் புலனாய்வைத் தேர்ந்தெடுப்பதில்லை.

அளவே தண்டனையைத் தீர்மானிக்கிறது

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டம் கஞ்சாவை எடை கொண்டு பிரிக்கிறது. 1 கிலோ வரை சிறு அளவு: ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். 1 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை இடைப்பட்ட அளவு: 10 ஆண்டு வரை கடுங்காவலும் ரூ.1 லட்சம் வரை அபராதமும். 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு: 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல், ரூ.1 லட்சம் முதல் 2 லட்சம் வரை அபராதம்.

ஆகவே மகஜரில் எழுதப்படும் எடை ஒருவரின் வாழ்நாளையே தீர்மானிக்கிறது. 900 கிராமுக்கும் 1,100 கிராமுக்கும் இடையே ஓராண்டும் பத்தாண்டும் நிற்கின்றன. வணிக அளவு எனில் பிரிவு 37 பிணையை ஏறத்தாழ அடைத்துவிடுகிறது. குற்றப்பத்திரிகைக்கான காலக்கெடுவும் 180 நாளாக நீள்கிறது. எனினும் விசாரணை முடிவின்றி நீண்டால் பிரிவு 37 மட்டுமே பிணைக்குத் தடையாகாது என்று முகமது முஸ்லிம் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. பல ஆண்டுகளாக விசாரணைக் கைதியாக இருப்போருக்கு இத்தீர்ப்பே முதல் படி.

சோதனையில் கவனிக்க வேண்டியவை

பிரிவு 50இன்படி, உடலைச் சோதிக்கும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை உண்டு என்று அந்நபருக்குத் தெரிவித்தாக வேண்டும். இது கண்டிப்பாகப் பின்பற்றப்பட வேண்டியது என்று விஜய்சிங் சந்துபா ஜடேஜா வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. கையில் வைத்திருக்கும் பைக்கு இப்பாதுகாப்பு பொருந்தாது என்பதையும் மறக்கலாகாது.

கைப்பற்றியதன் மாதிரியை நடுவர் முன்னிலையில் எடுத்துச் சான்று பெற வேண்டும் என்கிறது பிரிவு 52அ. இதை மோகன்லால் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 105, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி–ஒளிப் பதிவு செய்யக் கட்டளையிடுகிறது. பிணை மனுவிலேயே அந்தப் பதிவைக் கேட்டு வழக்கறிஞர்கள் பதிவு செய்துவைப்பது நல்லது.

ஒப்புதல் வாக்குமூலம் குறித்த முக்கியத் தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்தே சென்ற தூஃபான் சிங் வழக்கில் 2020இல் வந்தது. இச்சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற அலுவலர்களிடம் பிரிவு 67இன்படி அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது. 'அவன் சொன்னான், இவனைப் பிடித்தோம்' என்று வாக்குமூலத்தை மட்டுமே நம்பி நிற்கும் வழக்குகள் இதன் முன் நிலைக்கா.

வழக்குக்கு வெளியே நீளும் கை

கைதுடன் விவகாரம் முடிவதில்லை. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் சட்டம், அதாவது குண்டர் தடுப்புச் சட்டம், 'போதைப்பொருள் குற்றவாளி' என்னும் பெயரில் ஒருவரை விசாரணையின்றி 12 மாதம் வரை சிறைவைக்க இடமளிக்கிறது. சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் செல்லாது என்று ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்துச் செய்யும்போது, அந்த இளைஞர் பல மாதம் சிறையில் கழித்திருப்பார். தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் நாட்டின் முன்வரிசை மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று.

அடுத்தது சரித்திரப் பதிவேடு. சமூகப் பின்புலத்தை மட்டுமே கொண்டு பட்டியலினத்தவர் உள்ளிட்டோரின் பெயர்களை இயந்திரத்தனமாக அதில் ஏற்றக் கூடாது என்று அமானதுல்லா கான் வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களின் கவனத்துக்கும் கொண்டுவந்தது. பெயர் நீக்கம் கோரி மனு செய்ய இத்தீர்ப்பு உதவும்.

மூன்றாவது வங்கிக் கணக்கு முடக்கம். உறவினரின் கணக்கையும் முடக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் சொத்து முடக்கம் பற்றிய அத்தியாயம் 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டிக்கத்தக்க குற்றங்களுக்கே பொருந்தும். முடக்க ஆணையை உரிய அதிகாரி 30 நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் அது செல்லாது. சிறு அளவு வழக்கில் தாயின் நூறு நாள் வேலைக் கூலி வரும் கணக்கு இந்த அத்தியாயத்தின் கீழ் முடக்கப்பட்டிருந்தால், அதை எதிர்க்க வேண்டும்.

மறக்கப்பட்ட பிரிவு

போதைக்கு அடிமையானவர் சிறு அளவு வழக்கிலோ பயன்படுத்திய வழக்கிலோ சிக்கி, தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், பிரிவு 64அ அவரை வழக்கிலிருந்து காக்கிறது. தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்பப் பிரிவு 39 நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. நாம் நடத்தும் வழக்குகளில் இப்பிரிவுகளைக் காவலரோ அரசு வழக்கறிஞரோ முதலில் எடுத்துரைத்து நாம் கண்டதில்லை. சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர் கைது எண்ணிக்கையில் பெருமை சேர்ப்பதில்லை அல்லவா?

'ஆள் இல்லை' என்னும் பதில்

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலரே புலனாய்வு செய்து, 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். இக்காலக்கெடு தவறும்போதெல்லாம் நமக்குக் கிடைக்கும் பதில்: பந்தோபஸ்து, திருவிழா, ஆள் பற்றாக்குறை. பற்றாக்குறை உண்மைதான். சட்டம்–ஒழுங்கையும் புலனாய்வையும் பிரிக்க வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதே இக்காரணத்தால்தான். ஆனால் விடியற்காலைச் சேரிச் சோதனைக்கு ஆள் கிடைக்கிறது; அதே சேரி மீது நடந்த தாக்குதலை விசாரிக்க ஆள் கிடைப்பதில்லை. இருக்கும் ஆளை எதற்கு முதலில் அனுப்புவது என்பது ஒரு தேர்வு. அத்தேர்வில் சாதி இருக்கிறது.

பொய் வழக்கு எனில்

பட்டியலினத்தவர் மீது பொய்யான, தீய நோக்குடைய குற்ற வழக்குத் தொடுப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு 3(1)(p) குற்றமாக்குகிறது. தொடுப்பவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராக இருக்க வேண்டும். அரசு ஊழியர் எனில் குறைந்தது ஓராண்டுச் சிறை. தொல்லை தரும் நோக்கில் சோதனையிடும், கைது செய்யும் அலுவலரைத் தண்டிக்கப் போதைப்பொருள் சட்டத்திலேயே பிரிவு 58 உண்டு. விடுதலைத் தீர்ப்பு மட்டும் இதற்குப் போதாது. வழக்கு புனையப்பட்டது என்று காட்ட வேண்டும். எனவே கைது நடந்த அன்றே தொடங்குங்கள்: நேரம், இடம், நேரில் கண்டோரின் பெயர்களைக் குறித்துவையுங்கள், அருகிலுள்ள கண்காணிப்புக் கேமராப் பதிவைப் பாதுகாக்கக் கோரி எழுத்து மூலம் மனு கொடுங்கள், முதல் ரிமாண்டிலேயே இலவசச் சட்ட உதவி கேளுங்கள்.

பேரவையில் கேட்கப்பட வேண்டியவை

நாட்டின் சிறைவாசிகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். ஐந்தில் ஒருவருக்கும் மேல் பட்டியலினத்தவர். இந்நிலையில், அடுத்த மானியக் கோரிக்கையின்போது நம் வாக்குகளைப் பெற்ற உறுப்பினர்கள் நான்கு கேள்விகளை எழுப்ப வேண்டும். கைதானோரில் சிறு அளவு வழக்கினர் எத்தனை பேர், வணிக அளவு வழக்கினர் எத்தனை பேர்? எத்தனை வழக்குகளில் புலனாய்வு மொத்த விற்பனையாளரைச் சென்றடைந்தது? பிரிவு 64அவின் கீழ் எத்தனை பேர் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர்? கைதானோரின் சாதிவாரிக் கணக்கு என்ன?

இந்நான்கு எண்களும் கொள்கை விளக்கக் குறிப்பில் இடம்பெறும் ஆண்டிலிருந்துதான், ஒதுக்கப்படும் பணம் கஞ்சாவைத் தேடுகிறதா, நம் பிள்ளைகளைத் தேடுகிறதா என்பதை நாம் அறிய முடியும்.