மணி அடித்த பிறகு

2019 மே 13, திங்கட்கிழமை. காலை ஆறரை மணிக்கு நாங்கள் மூன்று பேர் ஒரு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒளிபரப்பாகிற ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ அதே நேரத்தில் இங்கே ஹாட்ஸ்டாரில் வந்துவிடும். ஆபீஸ் போவதற்குள் பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் பஸ்ஸிலேயே யாராவது கதையைச் சொல்லிவிடுவார்கள்.

அன்றைய எபிசோட் ‘தி பெல்ஸ்’. கிங்ஸ் லேண்டிங் நகரம் தோற்றுவிட்டது. வீரர்கள் வாளைக் கீழே போட்டுவிட்டார்கள். சரணடைந்ததற்கு அடையாளமாக மணி அடிக்கிறது. டிராகன் மேல் உட்கார்ந்திருக்கும் டெனேரிஸ் டார்கேரியன் ஜெயித்துவிட்டாள். அதன் பிறகுதான் அவள் நகரத்தைக் கொளுத்த ஆரம்பிக்கிறாள். தெருத்தெருவாக, பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல்.

எங்களில் ஒருத்தி ஆறு வருஷமாக டெனேரிஸ் படத்தை டிபியாக வைத்திருந்தவள். “இது அவ இல்லடி” என்று மட்டும் சொன்னாள். சாயங்காலத்துக்குள் டிபி மாறிவிட்டது.

அந்த வாரம் உலகம் முழுக்க இதே வாக்கியம்தான் வேறு வேறு மொழிகளில் ஓடியது. எட்டாவது சீசனைத் திறமையான எழுத்தாளர்களை வைத்துத் திரும்ப எடுக்கச் சொல்லி ஒரு இணைய மனு ஓடிக்கொண்டிருந்தது. அதில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். இப்போது யோசித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நாங்கள் எதற்காகக் கோபப்பட்டோம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. கொடூரத்துக்காக இல்லை. கொடூரம் இந்தத் தொடருக்குப் புதுசா என்ன?

2011-ல் முதல் சீசனிலேயே, கதாநாயகன் என்று நாம் நம்பியிருந்த நெட் ஸ்டார்க்கின் தலையை வெட்டினார்கள். 2013 ஜூன் 2 அன்று வந்தது ‘ரெட் வெட்டிங்.’ கல்யாண விருந்துக்குப் போன ராப் ஸ்டார்க், கர்ப்பிணியான அவன் மனைவி, அவன் அம்மா கேட்லின் எல்லோரையும் அங்கேயே கொன்றுபோட்டார்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்களை முன்பே படித்திருந்தவர்களுக்கு 2000-லிருந்தே இது தெரியும். அவர்கள் செய்த விஷமம் பிரசித்தம்: விஷயம் தெரியாத நண்பர்களை டிவி முன்னால் உட்காரவைத்து, அந்த முகங்களை ரகசியமாக வீடியோ எடுத்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறவர்களையும் டிவியைப் பார்த்துத் திட்டுகிறவர்களையும் இன்றைக்கும் யூடியூபில் பார்க்கலாம்.

“இனிமே பார்க்கவே மாட்டேன்” என்று அன்றும் பலர் சொன்னார்கள். ஆனால் அடுத்த சீசனுக்குக் கூட்டம் கூடியதே தவிர குறையவில்லை.

ஏன்? அந்தக் கொலைக்கு ஒரு பாதை இருந்தது. ராப் தான் கொடுத்த கல்யாண வாக்கை மீறியிருந்தான். யாரை அவமானப்படுத்தினான் என்பது நமக்குத் தெரியும். விருந்தில் பாட்டு மாறுவதைக் கேட்லின் கவனிக்கிறாள். பக்கத்தில் இருப்பவனின் சட்டைக்குள் இரும்புக் கவசம் இருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். அந்த நொடியில் நமக்கும் எல்லாம் புரிகிறது, ஆனால் நேரம் கடந்துவிட்டது. மார்ட்டின் இதை ஸ்காட்லாந்து வரலாற்றிலிருந்து எடுத்தார். 1440-ல் எடின்பரோ கோட்டை விருந்துக்கு அழைக்கப்பட்ட இளம் டக்ளஸ் பிரபுவும் அவன் தம்பியும் கொல்லப்பட்டார்கள். 1692-ல் கிளென்கோவில், பல நாட்கள் வீட்டில் தங்கிச் சாப்பிட்ட படைவீரர்களே விருந்து போட்டவர்களைக் கொன்றார்கள். விருந்தாளிக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற பழைய நம்பிக்கை உடையும்போது வருகிற வலி அது. வலித்தது, ஆனால் ஏமாற்றவில்லை.

டெனேரிஸ் விஷயத்தில் ஏமாந்த மாதிரி இருந்தது. அண்ணன் விற்றுவிட்ட ஒரு சின்னப் பெண், நெருப்பிலிருந்து மூன்று டிராகன் குஞ்சுகளோடு வெளியே வந்தவள், அடிமைகளின் சங்கிலியை உடைத்தவள். 2018-ல் மட்டும் அமெரிக்காவில் 560 பெண் குழந்தைகளுக்கு ‘கலீஸி’ என்று பெயர் வைத்தார்கள். அது அவளுடைய பட்டப்பெயர். அந்த அம்மாக்களை நினைத்துப் பாருங்கள்.

2020 லாக்டவுனில் வேறு வேலை இல்லாமல் முதலிலிருந்து திரும்பப் பார்த்தேன். அப்போதுதான் உறுத்த ஆரம்பித்தது. முதல் சீசனில் அண்ணன் தலையில் உருகிய தங்கத்தை ஊற்றும்போது அவள் கண்ணை மூடவில்லை. நான்காவது சீசனில் மெரீன் நகரத்து எஜமானர்கள் 163 பேரைச் சிலுவையில் அறைகிறாள். தனித்தனியாக யார் என்ன குற்றம் செய்தார் என்று விசாரிக்கவில்லை, எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். ஏழாவது சீசனில் மண்டியிட மறுத்த அப்பாவையும் மகனையும் டிராகனை விட்டு எரிக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பின்னணி இசை நம்மைக் கைதட்டச் சொன்னது. நான் கைதட்டியிருக்கிறேன். எரிந்தவர்கள் கெட்டவர்கள் என்பதால் எரிப்பவளைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைசி எபிசோடில் டிரியன் பேசுவது கிட்டத்தட்ட இதுதான். 2019-ல் அதைக் கேட்டுக் கடுப்பானேன். 2020-ல் தலைகுனிந்து கேட்டேன்.

அப்படியென்றால் ரசிகர்கள் தப்பா? இல்லை, அங்கேயும் நான் போக மாட்டேன். முதல் ஆறு சீசன்களில் தலா பத்து எபிசோட். ஏழாவதில் ஏழு, எட்டாவதில் ஆறு. எச்.பி.ஓ. இன்னும் எடுக்கத் தயாராகத்தான் இருந்தது. முடிக்க முடிவு செய்தவர்கள் தொடரை உருவாக்கிய டேவிட் பெனியோஃபும் டி. பி. வைஸும். மார்ட்டினின் நாவல் வரிசை 2011-க்குப் பிறகு நகரவே இல்லை. முடிவு எங்கே என்று அவர் சொல்லியிருந்தார், போகும் வழியை இவர்களே போட வேண்டியிருந்தது. உயிர்த்தோழி மிசாண்டேயின் தலை வெட்டப்படுவது நான்காவது எபிசோட், நகரம் எரிவது ஐந்தாவது. எட்டு வருஷம் வளர்ந்த ஒரு பெண் உடைவதற்கு ஒரு வாரம்தான் கிடைத்தது. போய்ச் சேர்ந்த இடம் சரி. நடந்து போக வேண்டிய தூரத்தை ஓடிக் கடந்துவிட்டார்கள்.

வாசகர் கோபம் ஜெயித்த கதையும் உண்டு. 1893 டிசம்பரில் ஆர்தர் கோனன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸைக் கொன்றார். ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகைக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சந்தாவை நிறுத்தியதாகச் சொல்வார்கள். 1903-ல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்தார். ஆனால் அந்த வாசகர்கள் கேட்டது தங்கள் ஆளைத் திருப்பித் தரச் சொல்லி. நாங்கள் கேட்டது காரணத்தை. எரிந்த நகரத்துக்கு யாரும் பத்து வருஷம் கழித்துக் காரணம் எழுதித் தர முடியாது.

கடைசி எபிசோடை அன்றிரவு ஒரு கோடியே தொண்ணூறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். செப்டம்பரில் எம்மி விருதும் வாங்கினார்கள். மனுவால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்குப் பிடித்த ஒரு காரியம் நடந்தது. டெனேரிஸாக நடித்த எமிலியா கிளார்க், படப்பிடிப்பு நடந்த வருஷங்களில் மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்காக இரண்டு முறை சிகிச்சை எடுத்தவர். மூளைக் காயத்திலிருந்து மீள்பவர்களுக்காக ‘சேம்யூ’ என்ற அறக்கட்டளையை 2019-ல் தொடங்கியிருந்தார். எழுத்தாளர்களைத் திட்டிக்கொண்டிருந்த அதே ரசிகர்கள் அதற்கு நிதி திரட்டிக் கொடுத்தார்கள். அவள்மேல் வைத்த அன்பைக் கொண்டுபோய்ப் போட அவர்களுக்கு ஒரு இடம் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

2022 ஆகஸ்டில் ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ வந்தது. டெனேரிஸின் முன்னோர்கள் கதை. முதல் எபிசோடை அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். இனி அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவர்களும் அதில் நிச்சயம் இருந்திருப்பார்கள். முந்தின நாள் ராத்திரி பழைய தோழியிடமிருந்து மெசேஜ்: “காலைல ஆறரைக்கு. முழிச்சிருப்பியா?”

அலாரம் வைத்துவிட்டுத்தான் பதில் போட்டேன்.