1915: கலவரம் அடங்கிய பின்னர்

1915ஆம் ஆண்டுக் கலவரத்தைப் பற்றிப் பேசுகையில் நாம் பெரும்பாலும் ஜூன் முற்பகுதியோடு நிறுத்திக்கொள்கிறோம். வெசாக் இரவில் கண்டியில் மூண்ட தீ சில நாட்களில் கொழும்பையும் பிற மாகாணங்களையும் பற்றிக்கொண்டது. 80க்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன. 4000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. நம் மூத்தோர் பட்ட அந்தக் காயத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதன்பின், நம்மைப் பாதுகாப்பதன் பேரால் நடந்தவற்றையும் நாம் வாசித்தாக வேண்டும்.

அது முதலாம் உலக யுத்த காலம். எதற்கும் பின்னால் ஜேர்மனியின் கை இருக்குமோ என்ற சந்தேகம் ஆட்சியாளரை ஆட்டிக்கொண்டிருந்தது. தேசாதிபதி சேர் றொபேட் சால்மர்ஸ் ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கலவரம் நாட்கணக்கில் அடங்கிற்று. சட்டமோ ஓகஸ்ட் 30 வரை நீடித்தது. மதுவொழிப்பு இயக்கத்தில் முன்னின்ற டி. பி. ஜயதிலக்க, எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க முதலியோர் சிறையிலடைக்கப்பட்டனர். கொழும்பு நகரக் காவற்படை அதிகாரியான ஹென்றி பேதிரிஸ், 26 வயது இளைஞர், இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குள் வீதிகள் அமைதியாகி ஏறக்குறைய ஒரு மாதமாகியிருந்தது. இராணுவச் சட்டத்தின் கீழ் நடந்துகொண்டவர்களைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் ஆணையும் ஓகஸ்டிலேயே பிறப்பிக்கப்பட்டுவிட்டது.

சட்டநிரூபண சபையில் இதைத் தட்டிக்கேட்டவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1880களில் சோனகரின் தனித்துவத்தை மறுத்து வாதாடிய அதே இராமநாதன்தான். அவர்மீது நமக்குள்ள மனத்தாங்கல் நியாயமானது. கடை எரிந்தவனின் கண்ணீருக்கு அவருடைய பேச்சில் போதிய இடமில்லை என்பதே என் கருத்தும். இருந்தாலும், வழமையான நீதிமன்றங்கள் திறந்திருக்கையில் சிப்பாய் ஏன் நீதிபதியாக வேண்டும் என்ற கேள்வியை, கேட்டவர் அவர் என்பதற்காகத் தள்ளிவிட முடியுமா? நான் நெடுங்காலம் தள்ளியே வைத்திருந்தேன்.

1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுக்கென்று வந்தது. 1982இல் அது நிரந்தரமாயிற்று. 2009இல் யுத்தம் முடிந்தது, சட்டம் முடியவில்லை. நெடுங்காலம் தமிழ் இளைஞர்களை விழுங்கிய அதே சட்டம், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின் நம்மவர் வீட்டுக் கதவையும் தட்டியது. அந்த வாரங்களில் எங்கள் ஊரில் அரபு எழுத்துள்ள புத்தகம் எதுவென்றாலும் இரவோடிரவாகக் கிணற்றில் போட்டவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் பேரனின் மத்ரஸாப் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து, “மாஸ்டர், இதை வைத்திருக்கலாமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.